‘அடுத்து’ என்ற பொத்தான்

வேலையிடத்தில் ஏதாவது ஓர் இணையவழிப் பயிற்சியைச் செய்திருந்தால் அந்தப் பொத்தானை உங்களுக்குத் தெரியும். திரையின் வலது கீழ்மூலையில் ‘அடுத்து’ என்று எழுதி, சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். குரல் பேசி முடிக்க வேண்டும், காணொளி கடைசி நொடிவரை ஓட வேண்டும், அப்போதுதான் அதற்கு உயிர் வரும். நீங்கள் ஐந்து நொடியில் படித்து முடித்த நாலு வரியை யாரோ ஒருவர் நிறுத்தி நிதானமாக ஒரு நிமிடம் வாசிப்பார். தனிநபர் தரவுப் பாதுகாப்பு, லஞ்ச ஒழிப்பு, தீயணைப்பானைப் பயன்படுத்துவது எப்படி என்று தலைப்பு மாறிக்கொண்டே இருக்கும். பொத்தான் மட்டும் மாறாது.

அதைச் சாம்பலாக்கி வைப்பது என் வேலையில் ஒரு பகுதி. இங்கேயே பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, நிறுவனங்களுக்கு இணையவழிப் பாடங்கள் செய்துகொடுக்கும் ஓர் இடத்தில் நாலு வருஷமாக இருக்கிறேன். நிரலாகப் பார்த்தால் ஒரே ஒரு நிபந்தனை வரிதான். இன்டர்ன்ஷிப் வரும் பையன்கூட பத்து நிமிடத்தில் எழுதிவிடுவான். ஆனால் வளர்ந்த ஒரு மனிதர் எதை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இன்னொருவருக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அந்த வரிக்குள் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் கூட்டங்களில் இந்தக் கேள்வி வருவதில்லை. ‘லாக் பண்ணணுமா, வேணாமா?’ என்று கேட்பார்கள். ‘பண்ணிடுங்க’ என்பார் வாடிக்கையாளர். அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம்.

இந்தப் பாடங்களில் பெரும்பாலானவை ‘ஸ்கார்ம்’ என்ற வடிவத்தில் இருப்பவை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் உருவான தரநிலை அது. 2001இல் வந்த 1.2 பதிப்பை இன்றைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஒரு மாணவருக்கும் ஒரு பாடத்துக்கும் இடையில் நடந்ததைச் சொல்ல அந்தப் பதிப்பில் ஆறே சொற்கள்: தேறினார், முடித்தார், தோற்றார், முடிக்கவில்லை, மேலோட்டமாகப் பார்த்தார், தொடவே இல்லை. அவ்வளவுதான். குழம்பினார், கோபப்பட்டார், ஏற்கனவே தெரிந்திருந்தது, தூங்கிவிட்டார், மறுநாள் வேலையிடத்தில் ஞாபகம் வந்தது என்பதற்கெல்லாம் இடமில்லை. 2004 பதிப்பில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள், முடித்தலையும் தேறுதலையும் தனித்தனிப் பதிவுகளாகப் பிரித்தார்கள். கூடவே, பாடத்தின் போக்கைக் கட்டுப்படுத்தும் விதிகளையும் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஃபார்வர்ட் ஒன்லி’. முன்னால் மட்டும் போகலாம், திரும்ப முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பூட்டுப் போடுவதைக் கணினி கண்டுபிடிக்கவில்லை. 1920களில் அமெரிக்காவில் சிட்னி பிரெஸ்ஸி செய்த இயந்திரம், சரியான விடையின் விசையை அழுத்தாதவரை அடுத்த கேள்வியைக் காட்டாது. நம் மரபில் இதைவிடப் பழைய பூட்டுகள் இருக்கின்றன. நன்னூலின் பாயிரத்தைப் பள்ளியில் நாங்கள் படித்ததில்லை (‘ஓ’ நிலைத் தமிழில் அதற்கெல்லாம் நேரம் ஏது). வேலைக்குப் போன பிறகு ஒரு நண்பர் சொல்லித்தான் வாசித்தேன். யாருக்குச் சொல்லித்தரலாம், யாருக்குக் கூடாது, யார் சொல்லித்தரவே லாயக்கில்லாதவர் என்று பவணந்தி விரிவாகப் பேசுகிறார். மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று பிரிப்பதுதான் எல்லாரும் மேற்கோள் காட்டும் பகுதி. எனக்குப் பிடித்தது ஆகாத ஆசிரியர்களுக்குச் சொல்லும் உவமைகள். அவற்றில் மூன்றை அப்படியே எங்கள் வேலைக்குப் பொருத்தலாம்.

ஒன்று கழற்குடம். கழற்சிக்காயை ஒரு குடத்தில் போட்டுக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, தாறுமாறாக மொத்தமாகக் கொட்டும். இரண்டாவது பருத்திக்குண்டிகை. குடுவைக்குள் பஞ்சைத் திணிப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிய்த்தெடுக்க முடியும். மூன்றாவது மடற்பனை. மட்டையும் கருக்குமாக நிற்கும் பனையில் நாமாக ஏறிப் பறிக்க முடியாது, அதுவாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். அந்தச் சாம்பல் நிறப் பொத்தானை நான் இப்போது மனதுக்குள் மடற்பனை என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் கழற்குடத்தையும் மறந்துவிடக் கூடாது. வரிசை இல்லாமல் கொட்டுவதும் பவணந்திக்குக் குற்றம்தான். எல்லாவற்றையும் திறந்துவிட்டு ‘உனக்கு வேண்டியதை எடுத்துக்கோ’ என்பதால் மட்டும் ஒருவர் நல்ல ஆசிரியர் ஆகிவிடுவதில்லை.

அறிவைத் திறந்துவிடுவது பற்றிப் பேச்சு வந்தால் தமிழில் யாராவது ஒருவர் திருக்கோஷ்டியூரை இழுக்காமல் இருக்க மாட்டார். நானும் இழுக்கிறேன். ராமானுஜர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்துபோனார், பதினெட்டாவது முறைதான் நம்பி மந்திரப்பொருளைச் சொன்னார், யாருக்கும் சொல்லக்கூடாது என்ற கட்டளையோடு. அவரோ கோயில் உச்சியில் ஏறிநின்று எல்லாருக்கும் சொன்னார். வைணவ குருபரம்பரைக் கதை இது. நாம் வழக்கமாக ராமானுஜர் பக்கம் நின்று கைதட்டிவிட்டுப் போய்விடுகிறோம். நம்பி பக்கமும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அவர் போட்ட பூட்டு முகத்துக்கு முகம் போட்ட பூட்டு. வாசலில் நிற்பவர் யார், எவ்வளவு தூரம் நடந்து வந்தார், ஏன் திரும்பிப் போகச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியும். பதினேழு முறை ‘இல்லை’ சொல்வதும் ஒருவகையில் உறவுதான். என் நிபந்தனை வரிக்கு எதிரில் இருப்பவர் யாரென்றே தெரியாது.

ராமானுஜர் செய்ததில் அதிகம் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது. தான் பட்ட பதினெட்டு நடையை அடுத்தவரும் படவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பின்னால் வந்த மணவாள மாமுனிகள் இதைப் பேசும்போது, விருப்பம் இருந்தால் போதும் என்ற அளவுக்கு வாசல் அகலமானது என்கிற பொருளில் பேசுகிறார். இரும்பு அடிப்பதானாலும் நிரல் எழுதுவதானாலும் ‘நான் பட்டேன், நீயும் படு’ என்பதுதான் எங்கும் சாதாரணமாக நடப்பது. அப்படிச் சொல்லாதவர் அபூர்வம்.

இனி சிங்கப்பூர் விஷயம்.

இங்கே கட்டுமானத் துறையில் வேலை செய்யவரும் வெளிநாட்டு ஊழியர், கட்டுமானப் பாதுகாப்புக்கான அறிமுகப் பயிற்சியில் தேறினால்தான் வேலை அனுமதிச் சீட்டு கைக்கு வரும். ஆட்கள் அதை ‘சேஃப்டி கோர்ஸ்’ என்பார்கள். அது வகுப்பறையில் நடப்பது, தமிழிலும் வங்காளத்திலும் உண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி போகவேண்டும். அதைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. நான் பேசுவது அதற்கு மேல் நிறுவனங்கள் தாமாகக் கொடுக்கும் இணையப் பாடங்களைப் பற்றி. 2022இல் வேலையிட மரணங்கள் 36 ஆன பிறகு, அந்த வருஷம் செப்டம்பரிலிருந்து அடுத்த மே முடிய ‘தீவிரப் பாதுகாப்புக் காலம்’ என்று அரசு அறிவித்தது. உயிரிழப்பு நடந்து, நிறுவனத்தின் பக்கம் பெரிய குறை இருந்தால் மூன்று மாதம் வரை புதிதாக வெளிநாட்டு ஆள் எடுக்க முடியாது என்றார்கள். எல்லா நிறுவனமும் பயந்தது, பயந்ததில் நியாயமும் இருந்தது. அந்தப் பயத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கூடியது.

ஒரு வாடிக்கையாளருக்கு உயரத்தில் வேலை செய்வது பற்றி ஒரு பாடம் செய்தோம். பாடம் ஒன்றுதான், மொழி மூன்று. ஆங்கிலப் பதிப்பு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும். தமிழும் வங்காளமும் தளத்தில் வேலை செய்பவர்களுக்கு. கேட்டு வந்த மாற்றங்களில் ஒரு வரி இருந்தது: ஆங்கிலத்தில் பட்டியலைத் திறந்து வையுங்கள், மற்ற இரண்டிலும் பூட்டிவிடுங்கள். ஏன் என்று கேட்டேன். ‘அவங்க தள்ளித் தள்ளி விட்டுட்டுப் போயிடுவாங்க’ என்று பதில் வந்தது. சொன்னவர் கெட்டவர் இல்லை, அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தவர். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். மடிக்கணினி முன்னால் குளிர்பதன அறையில் உட்கார்ந்திருப்பவர், தன் வாழ்க்கையில் ஒருமுறைகூட சாரத்தில் ஏறாதவர், எந்தப் பக்கத்தையும் தாவலாம். பதினொரு வருஷமாகச் சாரம் கட்டுகிறவர் தாவக்கூடாது. நம்பிக்கை மொழிவாரியாகப் பங்கிடப்பட்டிருக்கிறது, அதில் என் மொழிக்குப் பூட்டு.

பதினொரு வருஷம் என்று சும்மா சொல்லவில்லை. கேம்பல் லேனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது பழக்கமான அண்ணன் ஒருவர் இருக்கிறார், புதுக்கோட்டைப் பக்கம். அவர் நிறுவனமும் இப்படிப் பாடங்கள் அனுப்புகிறது. எப்படி அண்ணே பார்ப்பீங்க என்று கேட்டேன். ‘பாக்குறதா? ஓட விட்டுட்டுக் குளிக்கப் போயிடுவேன் தம்பி. வந்து பாத்தா முடிஞ்சிருக்கும். பட்டனை அமுக்கிட்டுப் படுத்துருவேன்.’ வேலை முடிந்து லாரியில் விடுதிக்கு வந்து, சமைக்க வரிசையில் நின்று, பத்து மணிக்கு மேல் மிச்சமிருக்கும் தெம்பில் செய்கிற காரியம் இது. தன் கைபேசி, தன் டேட்டா. அவர் சொன்ன அடுத்த விஷயத்துக்குத்தான் நான் தயாராக இல்லை. அந்தப் பாடத்தில் ஓர் இடம் அவருக்கு உண்மையிலேயே பிரயோஜனமாக இருந்ததாம். புதுவகை பாதுகாப்பு வாரை எங்கே கொக்கி போடவேண்டும், எங்கே போடக்கூடாது என்கிற பகுதி. மறுவாரம் தளத்தில் சந்தேகம் வந்து அதைத் திரும்பப் பார்க்க நினைத்திருக்கிறார். ‘முடிச்சதுக்கப்புறம் அது தொறக்கவே மாட்டேங்குது தம்பி. கம்ப்ளீட்டட்னு பச்சையா காட்டுது, அவ்வளவுதான்.’

முன்னால் மட்டும் போகலாம், திரும்ப முடியாது.

பூட்டுக்கு ஆதரவாக என் சக பொறியாளர் ஒருவர் சொல்லும் வாதத்தை நான் லேசில் தள்ள மாட்டேன். ‘எதைத் தாவலாம்னு தீர்மானிக்கிறதுக்கே கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்லா. புதுசா வந்தவனுக்கு எது முக்கியம்னு எப்படித் தெரியும்?’ சரியான கேள்வி. எனக்கு என்ன தெரியாது என்பது எனக்குத் தெரியாது. களைத்துப்போன ஆள் தாவுவது பெரும்பாலும் அவருக்குத் தேவையான இடத்தையே. அதனால் வரிசை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரிசைக்குப் பூட்டு எதற்கு? ஒரு புத்தகத்துக்கு அத்தியாய வரிசை உண்டு. ஆசிரியர் யோசித்து அமைத்திருக்கிறார், மதித்து நடந்தால் நமக்கு நல்லது. ஆனால் ஏழாம் அத்தியாயத்தை முதலில் திறந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்வதில்லை. அந்த அண்ணன் விஷயத்தில் பூட்டு எதைச் சாதித்தது? ஒரு கைபேசி நாற்பது நிமிடம் கட்டிலில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.

தேறினால் தாவலாம் என்று வைக்கலாமே என்பது என் முதல் யோசனை. ஆரம்பத்திலேயே கேள்விகள், சரியாகச் சொன்னால் நேராகக் கடைசிக்குப் போகலாம். காகிதத்தில் அழகாக இருந்தது. யோசிக்க யோசிக்க அதிலும் ஒரு சாய்வு தெரிந்தது. பரீட்சை எழுதியே வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அது சௌகரியம். சாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறவருக்கு, ‘கீழ்க்காண்பவற்றுள் எது சரியல்லாதது’ என்ற வாக்கியத்தைக் கட்டவிழ்ப்பதுதான் ஆபத்தான வேலை. வாசிப்பு சரளமாக வராதவர் குரலைக் கேட்கத்தான் போகிறார், அவருக்குப் பூட்டே தேவையில்லை. அவருக்கு வேண்டியது திரும்பக் கேட்கும் பொத்தான்.

இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த நல்ல பூட்டு ஒன்று உண்டு: ஓட்டுநர் உரிமம். பேசிக் தியரி தேறினால்தான் பழகுநர் உரிமம், ஃபைனல் தியரி தேறினால்தான் சாலைத் தேர்வு. கறாரான வரிசை, யாரும் குறை சொல்வதில்லை. காரணம், அங்கே பூட்டியிருப்பது சாலையை. ஃபைனல் தியரிப் புத்தகத்தை முதல் நாளே வாங்கிப் படிக்கலாம், பின்னாலிருந்து படிக்கலாம், கழிவறையில் உட்கார்ந்து படிக்கலாம். எத்தனை நிமிடம் படித்தாய் என்று போக்குவரத்துப் போலீஸ் கேட்பதில்லை. உயரத்தில் வேலை செய்வதற்கும் இதேதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். சாரத்தைப் பூட்டுங்கள். ஏறுவதற்கு முன்னால் ஒருவர் நின்று, வாரை மாட்டிக்காட்டச் சொல்லிப் பார்க்கட்டும். பக்கத்தைப் பூட்டி என்ன கண்டோம்? முதலாவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்கு என் ஒரு வரி போதும். விலை வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பதிவு யாருக்காக என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ‘இன்னார், இன்ன தேதி, இரவு 10:47, முடித்தார்.’ எல்லாம் நன்றாகப் போகும்வரை இதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. விபத்து நடந்த மறுநாள் திறப்பார்கள். அப்போது அந்த வரி ‘நாங்கள் சொன்னோம், அவர் கேட்டார், பிறகும் விழுந்தார்’ என்று படிக்கப்படும். ஒரு மனிதர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் தயாரான சாட்சியம் அவருக்கு எதிராகவே நிற்கும்.

2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து விழுந்தது. வட்டப்பாதை எம்ஆர்டிக்காகத் தோண்டிய பள்ளம், நான்கு பேர் செத்துப்போனார்கள். நான் அப்போது தொடக்கப்பள்ளிக்கும் போகாத வயது. பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாகப் படித்தோம். விசாரணைக் குழு கண்டது வடிவமைப்புப் பிழைகளை, முட்டுச்சட்ட இணைப்புகளின் பலவீனத்தை, முன்கூட்டியே தெரிந்தும் கவனிக்கப்படாத அறிகுறிகளை. அடித்தளத்து ஊழியருக்குப் பயிற்சி போதவில்லை என்பதல்ல அங்கே கதை. தெரிந்திருக்க வேண்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தது. அந்தக் காலகட்டத்து விபத்துகளுக்குப் பிறகுதான் பழைய தொழிற்சாலைச் சட்டம் போய், 2006 மார்ச்சில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. இதை இதைச் செய் என்று பட்டியல் போடுவதிலிருந்து, ஆபத்தை அதன் மூலத்திலேயே குறை, விளைவுக்குப் பொறுப்பேற்றுக்கொள் என்பதற்கு நகர்ந்த சட்டம். சட்டமே பட்டியலைத் தாண்டி வந்துவிட்டது. நாற்பது நிமிடம் ஓடியதா என்று பார்க்கும் என் மென்பொருள் இன்னும் பழைய சட்டத்தில் வாழ்கிறது.

பூட்டுகிறவர்களைப் புரிந்துகொள்ள முடியாமல் இல்லை. ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் 2017இல் கிட்டத்தட்ட 4 கோடி வெள்ளி பொய்க் கணக்கில் போனது வெளிவந்தது. வகுப்பே நடக்காமல் பணம் போயிருந்தது. இன்றைக்கு மானியம் பெறும் வகுப்புகளுக்குப் போனால் சிங்பாஸில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து வருகை காட்டுகிறோம், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பொதுப்பணம் வந்தால் கணக்கும் வரும். ஆனால் பொய்க்கணக்கு எழுதியவர்களைப் பிடிக்க வந்த பழக்கம், படிக்க வந்தவரைச் சந்தேகப்படும் பழக்கமாக எப்போது மாறியது?

சாவி ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்தையும் பார்த்துவிட்டோம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் ஐபேட், குரோம்புக்கில் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக்கூடாது என்று கட்டுப்படுத்த ‘மொபைல் கார்டியன்’ என்ற செயலி இருந்தது. 2024 ஆகஸ்டு 4 அன்று அந்தச் செயலிக்குள் யாரோ புகுந்தார்கள். 26 பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் எடுத்துவிட்டது. பிள்ளைகளைத் தப்பான பக்கங்களுக்குப் போகவிடாமல் தடுக்க வைத்த கை, அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளை வழித்தெடுக்க உதவியது. வளராத பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வேலி வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அந்த வேலியின் கதியே இது.

விடுதி அண்ணன்களுக்கு வேலி பழக்கம்தான். 2022 ஜூனில் வெளியேறும் அனுமதிச் சீட்டு பொதுவாக நீக்கப்பட்ட பிறகும், ஞாயிறு, பொது விடுமுறைகளில் தேக்கா உள்ளிட்ட நான்கு இடங்களுக்கு வர அவர்கள் கைபேசியில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நான் எம்ஆர்டியில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். அவர் அதே இடத்துக்கு வர ஒரு பொத்தானை அழுத்தி, அது பச்சையாகும்வரை காத்திருந்தார். அதே கைபேசி, பாடமும் அதில்தான்.

மூன்று மொழிக்கும் ஒரே விதி வையுங்கள் என்று கேட்டு எழுதினேன். பூட்டு என்றால் மூன்றுக்கும், திறப்பு என்றால் மூன்றுக்கும். பல மின்னஞ்சல்களுக்குப் பிறகு ஆங்கிலத்தையும் பூட்டிவிட்டார்கள். சமத்துவம் கிடைத்தது! முடித்த பிறகு திறந்தே இருக்கட்டும் என்ற இன்னொரு கோரிக்கைக்கு மட்டும் சரி சொன்னார்கள். அது வேறு நிறுவனத்தின் பாடம் என்பதால் புதுக்கோட்டை அண்ணனுக்கு அதனால் லாபமில்லை.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார மன்றம் தமிழிலும் சுவரொட்டிகள் வெளியிடுகிறது. இலவசம், யாரும் தரவிறக்கலாம். உயரத்தில் வேலை பற்றியவற்றைத் தேடி எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவர் அறை நண்பர்கள் குழுவிலும் போட்டிருப்பதாகச் சொன்னார். எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று எந்தக் கணக்கும் இல்லை. வார் கொக்கிப் படத்தில் ஓர் இடத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு, ‘இது எங்க சைட்டுல இல்ல’ என்று எழுதி எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்.